ஓவியர் வீட்டு வாசல் பலகை

புணேயின் பழைய பேட்டையில், காலமான ஓவியர் ஒருவரின் வீட்டில் நினைவுக் கண்காட்சி. வாசலில் அவரே எழுதி மாட்டிய மராத்திப் பலகை இன்னும் தொங்குகிறது. வருகிறவர்களை இப்படிப் பலகை எழுதித் திட்டுவது இந்த ஊரின் பழக்கம். வரவேற்பில் நிற்கும் மீனா எனக்குப் படித்துச் சொல்கிறாள். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வேலூரிலிருந்து தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம் அவளுடையது.

“படம் பார்க்க வந்தவங்க உள்ள வரலாம். என்னைப் புகழ வந்தவங்க அப்படியே திரும்பிப் போகலாம். மதியம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் யாரும் வராதீங்க, தூங்குவேன். அவ்ளோதாண்ணா.”

உள்ளே திறப்பு விழாக் கூட்டம். நாற்காலிகளும் தலைகளும் மறைத்தது போக, படங்களில் ஒரு மரத்தின் உச்சியும் ஒரு எருமையின் கொம்பும்தான் தெரிகின்றன. சிறப்பு விருந்தினர் அந்தப் பலகையை வரி விடாமல் ஒப்பிக்கிறார். கூடம் சிரித்துக் கைதட்டுகிறது. அவரும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புகழத் தொடங்குகிறார். சால்வை போர்த்திய இன்னும் சிலர் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

ஒருவழியாக எல்லாரும் எழுந்ததும் எருமையிடம் ஓடுகிறேன். மீனா விளக்கை அணைக்கிறாள்.

“ஒரு மணி ஆச்சுண்ணா, பந்த், மூடியாச்சு. நாலு மணிக்கு வாங்க.”

“நாலு மணிக்கு எனக்கு ரயில்மா.”

“அவர் போட்ட ரூல்ண்ணா. கமிட்டி ஏக்தம் ஸ்ட்ரிக்ட், துளிகூட விடமாட்டாங்க.”

புகழ வந்தவர்கள் உள்முற்றத்தில் சாப்பிட உட்காருகிறார்கள். படம் பார்க்க வந்த நான் வாசலில், பலகைக்குக் கீழே நிற்கிறேன்.