நடுநிலைக்கு வந்த இடமாற்றம்

பஸ் டெப்போவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர், கண்டக்டர்களில் யாருக்கு எந்த பஸ், எந்த ஷிப்ட் என்று டியூட்டி போடுவது அவர் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நல்ல பேர் எடுத்தவர் எவரும் கிடையாது. இவருக்கு மட்டும் 'சமரசம்' என்று ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. எதற்கெடுத்தாலும், "நமக்கு எல்லாரும் ஒண்ணுதாம்ப்பா" என்பார். சொன்ன கையோடு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டவர்போல் தலையாட்டி ஆமோதித்தும் கொள்வார்.

ஊரில் ஒரு பெரிய மதம் இருந்தது. சமரசம் அதில் பிறந்தவர். மற்ற மதங்களும் இருந்தன, பஸ்ஸில் கடைசி சீட்டு இருப்பதைப் போல. பெரிய மதத்தின் பண்டிகைக்கு ஊரே கடையடைத்தால் அதற்குப் பெயர் விடுமுறை. மற்றவர்கள் தங்கள் பண்டிகைக்கு வீட்டில் இருக்க விரும்பினால் அதற்குப் பெயர் லீவு. எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் முதல் பஸ் கிளம்புமுன் டெப்போ ஒலிபெருக்கியில் பெரிய மதத்துப் பிரார்த்தனை ஒன்று ஓடும். அது பிரார்த்தனை என்பதே சமரசத்துக்கு உறைத்ததில்லை. ஃபேன் சத்தத்தை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

சிறிய மதத்துக் கண்டக்டர் ஒருவர் அங்கே இருந்தார். பையில் என்றைக்கும் சில்லறைக்குப் பஞ்சம் இருக்காது என்பதால் 'சில்லறை' என்றே பேர். பெரிய மதத்தின் பண்டிகையன்று சில்லறைக்கு டியூட்டி விழும். "உனக்கு அன்னைக்கு வீட்டுல என்ன வேலை?" என்று கேட்பார் சமரசம். நியாயமான கேள்வி. சில்லறையின் பண்டிகையன்றும் டியூட்டி விழும். அது எல்லாருக்கும் வேலை நாள், அவருக்கு மட்டும் சலுகை காட்டினால் நடுநிலை என்னாவது? இப்படி இரண்டு பண்டிகைக்கும் சில்லறை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சமரசம் அன்பாக விளக்கி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சமரசத்தின் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு உண்டு. வருகிறவர்களிடம் அவர் மதத்தைக் கேட்டதே இல்லை. அதில் அவருக்குப் பெருமை. பேரை மட்டும் கேட்பார். சில பேர்களைக் கேட்டதும் மாடியில் தண்ணீர் ஏறாமல் போய்விடும். "மோட்டார் ரிப்பேருங்க, சொல்லி அனுப்பறேன்" என்பார். அந்த மோட்டார் பல வருஷமாக ஆள் பார்த்துத்தான் ரிப்பேர் ஆகிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, மலைக்கு அந்தப் பக்கத்து டெப்போவுக்கு. அங்கே சில்லறையின் மதம்தான் பெரியது. சமரசத்தின் மதத்துக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அதனாலென்ன, நமக்கு எல்லாரும் ஒன்றுதானே என்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, கட்டில் பீரோவை லாரியில் ஏற்றிப் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் வீடு பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். மதம், கிதம் என்று எதுவும் கேட்கவில்லை. பேரை மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, மேல்தளம் ஒழுகுகிறது, பூசிய பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றார். அடுத்த தெருவிலும் ஒழுகியது. ஊர் முழுக்க ஒழுகியது. அண்ணாந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருந்தது.

"என்னங்க, மழையே பெய்யாத ஊர்ல இவ்வளவு ஒழுகுது?" என்று மனைவி கேட்டாள். சமரசத்துக்கு என்னவோ போலிருந்தது. நடையைக் கூட்டினார். கடைசியில் லாரி ஷெட்டுக்குப் பின்னால், உண்மையாகவே ஒழுகும் ஒரு வீடு கிடைத்தது.

டெப்போ மேனேஜர் இனிமையாகப் பேசினார். "இங்க மதமெல்லாம் பாக்கறதில்ல சார். எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று சொல்லி, தானே தலையாட்டிக்கொண்டார். காலையில் ஒலிபெருக்கியில் அவர்கள் பிரார்த்தனை ஓடியது. சமரசத்துக்கு அதில் ஒரு சொல்கூடத் தப்பாமல் காதில் விழுந்தது. ஊர்ப் பண்டிகையன்று டெப்போவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவர் பண்டிகையன்று ஆடிட் வந்தது. போனில் மனைவி, "வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டபோது, சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் இருமினார்.

மகள் பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டை வீட்டில் அழகாகப் பாடினாள். அது அந்த ஊர்க்காரர்களின் கடவுளைப் பற்றியது. சமரசம் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டார். தலைமையாசிரியை ஆச்சரியப்பட்டார். அது மதப் பாட்டு இல்லையாம், ஒழுக்கப் பாட்டாம். இத்தனை வருஷத்தில் ஒரு பெற்றோரும் குறை சொன்னதில்லையாம். குறை சொல்லக்கூடிய பெற்றோர் எத்தனை பேர் படியேறி வந்திருப்பார்கள் என்று சமரசம் நினைத்தார். கேட்கவில்லை. குழந்தை அங்கேதானே படித்தாக வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. சொந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போனாலே அதிகம் என்றிருந்தவர், இங்கே பக்திமான் ஆனார். டயர் கடை மாடியில் அவருடைய மதத்துக்காரர்கள் வாரம் ஒருமுறை கூடினார்கள். ரப்பர் நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். சொந்த ஊரில் அவருக்குப் பதிலாக ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது, அவர் காலாட்டிக்கொண்டிருந்தார். இங்கே அந்த வேலையை அவரே பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் கழித்துப் பழைய டெப்போவுக்கே மாற்றல் கிடைத்தது. பதவி பெரிது, டியூட்டி போடும் வேலை மட்டும் பழையதுதான். வந்த வாரமே சில்லறையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சில்லறைக்குச் சந்தேகம். டீ வரப்போகிறது என்றால் லீவு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

"உன் பண்டிகைக்கு நீ வீட்டுல இரு. எங்க பண்டிகைக்கு நீ வண்டி ஏறு. உன் பண்டிகையன்னைக்கு எங்க ஆள் ஒருத்தன் ஏறுவான். சம்மதமா?" என்றார் சமரசம். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இதை அப்பவே செஞ்சிருக்கணும்ப்பா" என்றார்.

சில்லறை பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மூணு வருஷம் அந்தப் பக்கம் அனுப்பினா போதும்னு தெரிஞ்சிருந்தா, உங்க மாற்றலுக்கு நாங்களே மனு போட்டிருப்போம் சார்" என்றார்.

டெப்போவில் புயல் கிளம்பியது. பெரிய மதத்துக்கு ஆபத்து என்று ஒரு டிரைவர் யூனியன் கூட்டத்தில் கண்கலங்கினார். ஊரில் பாதிக்கு மேல் அவர் மதம்தான் என்பதை யாரோ நினைவூட்டியபோது, அதனால்தான் ஆபத்தும் பெரிது என்றார். அந்தப் பக்கத்துத் தண்ணீர் சமரசத்தின் மூளையைக் கெடுத்துவிட்டது என்று பேச்சு வந்தது. ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தலாமா என்று சமரசம் கேட்டுப் பார்த்தார். அது மட்டும் நடக்கவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான், அவ்வளவே. ஆனால் டியூட்டி மாற்றிக்கொள்வது மெல்லப் பழகிவிட்டது. கண்கலங்கிய டிரைவர்தான் அதில் முன்னணி. தன் மச்சான் கல்யாணத்துக்கும் சேர்த்து லீவு தேறும் என்று கணக்குப் போட்டு, சில்லறையைத் தேடி வந்து தோளில் கைபோட்டார்.

வீட்டு மாடி அப்போது காலியாக இருந்தது. ஒரு கணக்கு வாத்தியார் வந்து கேட்டார். பேரைச் சொன்னதும் சமரசத்தின் நாக்கு நுனிவரை மோட்டார் வந்தது. வாத்தியாரின் மதம் சில்லறையின் மதத்தையும்விடச் சின்னது; ஊரில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மனைவி பின்னாலிருந்து, "தண்ணி நல்லா ஏறும் சார், வந்து பாருங்க" என்று சாவியை எடுத்து நீட்டினாள். சமரசம் வாயை மூடிக்கொண்டார்.

வாத்தியார் குடி வந்த மறுவாரம், டியூட்டி விஷயமாக வீட்டுக்கு வந்த சில்லறை மாடியை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சார், நான் வித்தியாசம் பாக்கற ஆள் இல்ல. இருந்தாலும், போயும் போயும் அவங்களுக்கா குடுத்தீங்க?"

சமரசத்துக்குச் சிரிப்பு முட்டியது. தன் முகத்தையே வேறொருவர் கழுத்தின்மேல் பார்த்தது போலிருந்தது. மாடியைப் பார்த்து வாத்தியாரைக் காபி குடிக்கக் கூப்பிட்டார்.

வாத்தியார் இறங்கி வந்து சில்லறைக்கு எதிரில் உட்கார்ந்தார். முதலில் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு வாத்தியார், பள்ளிக்கூடம் போகும் காலை பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வருவதில்லையே, ஏன் என்று கேட்டார். சில்லறை நிமிர்ந்தார். அந்த வண்டிக்கு டியூட்டி போடுகிறவருக்கு ரோடும் தெரியாது, நேரமும் தெரியாது என்றார். வாத்தியார் அதை அழகாக வழிமொழிந்தார். காபி ஆறும்வரை இருவரும் ஒரே குரலில் டியூட்டி போடுகிறவரைத் திட்டித் தீர்த்தார்கள். சமரசம் எழுந்துபோய் இன்னும் இரண்டு காபி போடச் சொன்னார்.