ஊரில் ரேட்டிங் உள்ள இரண்டு பேர்

சதுரங்கக் காயை நகர்த்தியதும் ஆட்டக் கடிகாரத்தை அவர் அடிப்பதில்லை. வேண்டாத தாளைத் தள்ளி வைப்பதுபோல ஒரு விரலால் மெல்ல அழுத்துவார். அவர் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் போட்டிகளில் ஆடிச் சதுரங்க ரேட்டிங் என்ற தரப்புள்ளி வாங்கியிருந்தவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் இருவர்தான். என் கெட்ட காலம், வேங்கிக்கால் பக்கம் இருவருக்கும் ஒரே அலுவலகம்.

என் மனைவி நாகர்கோவிலில் ஆசிரியை. மகளுக்குக் காது குத்தியதையே நான் கடிதத்தில்தான் படித்தேன். அங்கே மாறுதல் கேட்டு எழுதிய மனு ஒன்றரை வருடமாக அவர் மேசையில் கிடந்தது. கேட்டால், "உன்ன அனுப்பிட்டு நான் யார் கூடப்பா ஆடறது?" என்று சிரிப்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருமுறை ஜெயித்துப் பார்த்தேன். பழிதீர்க்க மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் பலகையோடு வந்து உட்கார்ந்தார். வேண்டுமென்றே தோற்றும் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் போண்டா வாங்கிக் கொடுத்தார், மனு இன்னும் அடிக்குப் போனது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலைமை. அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

செங்கம் சாலை மண்டபம் ஒன்றில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் எங்கள் இருவரையே மோதவிட்டார்கள். சப்பென்று டிரா செய்து, இவனோடு ஆடுவதே வீண் என்று அவருக்குச் சலிப்பு வரவைப்பது என்று முடிவெடுத்திருந்தேன். பாதி ஆட்டத்தில் அவர் ஒரு காயைத் தவறாக நகர்த்திவிட்டார். என் யானையை ஏழாம் வரிசைக்கு இறக்கினால் அவருடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. கை துறுதுறுத்தது. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, "டிரா, சார்?" என்றேன். வெகுநேரம் பலகையையே பார்த்துவிட்டு அவர் கை நீட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று காய்களைத் திரும்ப வைத்துப் பார்ப்பது ஆட்டக்காரர்கள் வழக்கம். அவர் அந்தச் சிப்பாயைப் பின்னுக்கு இழுத்தார். என் யானையை எடுத்து ஏழாம் வரிசையில் வைத்தார்.

"இது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்."

"ஜெயிக்கற ஆட்டத்த விட்டுட்ட. அவ்ளோ போகணுமா உனக்கு?"

தலையை மட்டும் ஆட்டினேன். திங்கட்கிழமை காலையிலேயே மனுவில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். விடைபெறப் போன அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்க போயாவது ஒழுங்கா ஆடு" என்றார்.

ஒன்றரை வருடம் என்னைக் கட்டிப்போட்டவர்மேல் கோபம்தான் வர வேண்டும். மகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். இன்றும் அந்த ஆட்டத்தை நினைத்தால் வருவதென்னவோ வெட்கம்தான். அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் நான் உட்காரவில்லை.