பல்லியும் அருவாக்காரனும்

செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்று வேலை பார்த்த காலத்தில், பென்னலூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். என் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி. ஷிப்ட் முழுக்கப் போன் செய்வோம், ஆனால் எங்கள் இருவரிடமும் சொந்தமாக ஒரு போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

அந்தக் கடை ஓனர் குன்றத்தூர்க்காரர். தினமும் மொபெட்டில் வருவார். அதற்கு முன்பு அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பேச்சில் மரியாதை குறையாது. பெண்கள் உட்கார்ந்த கேபினில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் சீட்டுக்குப் போவார். நேரம் முடிந்ததும் "எழுந்திருங்க, டைம் ஆயிடுச்சி" என்று சிடுசிடுப்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவர் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்து, கடைக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினார். அரட்டைப் பலகை என்று பெயர் வைத்தார். யார் வேண்டுமானாலும் என்ன பெயரிலும் எழுதலாம். தமிழில் அடிக்கத் தெரியாததால் எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். கம்பெனி வாரியாக வேலைக்கு ஆள் எடுக்கும் செய்தி வரும், ரூம் காலியாக இருக்கிறது என்று வரும், பிறகு அதெல்லாம் குறைந்து, ஒருவரை ஒருவர் திட்டுவது மட்டும் மிஞ்சியது.

அந்தப் பலகையில் எங்களுக்குப் பிடித்த ஆள் பல்லி. யாரென்று தெரியாது. ஆனால் எங்கள் ஹாஸ்டலைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். பென்னலூர் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிக்கப் போலீஸ் நாயைத்தான் வரவழைக்க வேண்டும் என்று ஒரு வாரம் எழுதினார். அடுத்த வாரம், அங்கே சப்பாத்தி வேகவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எழுதினார். படித்துவிட்டு நாங்கள் கேபினுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்கள் சமையல்காரம்மா ஹாஸ்டல் முதலாளிக்குச் சொந்தம். அவரிடம் நேரில் இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஹாஸ்டல் பெண்களில் யாரோ ஒருத்திதான் பல்லி என்று நினைத்தோம். மாடியில் இருந்த ஒரு சேலத்துப் பெண் மேல் எங்களுக்குச் சந்தேகம்.

அப்புறம் ஒரு ஞாயிறு பல்லி இப்படி எழுதியிருந்தார்: அந்த ஹாஸ்டலில் விடியற்காலையில் ஒரு பெண் பாத்ரூமில் பாடுகிறாள், கேட்டால் கோணி மூட்டையில் பூனையைப் போட்டு ஆட்டோவில் ஏற்றியது போல இருக்கிறது, கம்பெனி பஸ் சீக்கிரம் வந்து அவளை அழைத்துப் போக ஆண்டவரை வேண்டுகிறேன்.

பாத்ரூமில் பாடுவது நான்தான். என் குரல் நன்றாக இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் கைதட்டு வாங்கியவள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறைத்தோழிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "விடாதட்டி, நீயும் நாலு எழுது" என்றாள். பெண் பெயரில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஏதாவது பயங்கரமான பெயராக வை என்றும் சொன்னாள். யோசித்து அருவாக்காரன் என்று வைத்தேன்.

அதுவரை நான் யாரையும் வாடி போடி என்றுகூடத் திட்டியதில்லை. லைனில் சூப்பர்வைசர் கத்தினால் "சாரி சார்" என்பேன். அருவாக்காரன் ஆனதும் கைக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் தன் சித்தி பேசிய பேச்சையெல்லாம் தோழி பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். "சுவரில் ஒட்டிக்கொண்டு உளறும் செத்த மூதியே, உன் வாலை நறுக்கிக் காக்காய்க்குப் போடுவேன்" என்று அடித்து அனுப்பினேன். அனுப்பியதும் உடம்பு லேசானது போல இருந்தது. அன்று இரண்டு டீ குடித்தேன்.

அடுத்த வாரம் பல்லியின் பதில் வந்தது. "உன் பெயருக்கு ஏற்றபடியே எழுதுகிறாய். படித்ததும் தூக்கம் வந்துவிட்டது. வால் என்றாயே, எத்தனையோ வால்களை அடக்கிய கை இது" என்று இருந்தது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருவாளைப் பார்த்தால் எப்படித் தூக்கம் வரும்? ஒரு பல்லிக்கு எத்தனை வால் இருக்கும்? தோழி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அருவாளைக் கண்டே கொட்டாவி விடுதான்னா பெரிய ரவுடியா இருப்பான் போலட்டி" என்றாள். அதனால் இன்னும் பலமாகத் திட்டினோம். வாலை வைத்தே விதம்விதமாகத் திட்டினோம். பல்லியும் ஓயவில்லை. மற்ற கம்பெனிப் பையன்கள் எங்கள் சண்டையைப் படிப்பதற்கென்றே வந்தார்கள். எனக்குப் பரிந்துகொண்டு பிள்ளைப்பாக்கத்தில் இருந்து ஒருவன், "அண்ணன் அருவாக்காரன் வழி தனி வழி" என்று எழுதினான். என்னை அண்ணன் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பல்லி ஓனரைத் தொட்டுவிட்டார். இந்தக் கடையில் மவுஸ் நகராது, சுவரோரம் எலி மட்டும் நன்றாக நகரும் என்று எழுதினார். ஓனரின் முகம் அன்று கறுத்துப்போய் இருந்தது. கஸ்டமர் ஒவ்வொருவரிடமும் போய், எங்கே எலி, காட்டுங்கள் என்று கேட்டார்.

மறுவாரம் கடை வாசலில் பேப்பர் ஒட்டியிருந்தது. இனிமேல் பலகையில் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும். கம்பெனி ஐ.டி. கார்டோ ரேஷன் கார்டோ காட்டினால் அவர் அந்தப் பெயரில் கணக்குத் தொடங்கித் தருவார். பெயர் போட்டுவிட்டால் எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்று எல்லாரிடமும் சொன்னார்.

வாயைத் திறக்காமல் போனது பெண்கள்தான். ஹாஸ்டல் பெண்கள் ஒருவர் விடாமல் எழுதுவதை நிறுத்திவிட்டோம். மாடிச் சேலத்துப் பெண் மட்டும் தன் பெயரில் ஒரு ரூம் விளம்பரம் போட்டாள். அடுத்த நாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் யாரோ ஒருவன் அவள் பெயரை முழுசாக, இனிஷியலோடு, பின்னால் இருந்து கூப்பிட்டான். அவள் பயந்துபோய் ஒரு வாரம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். அருவாக்காரனும் அன்றோடு காணாமல் போனான். ஐ.டி. கார்டைக் காட்டி அருவாக்காரனாக இருக்க முடியாது.

பையன்களுக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. முதலில் கொஞ்ச நாள் வணக்கம், காலை வணக்கம் என்று எழுதினார்கள். பிறகு மரியாதையோடு திட்டக் கற்றுக்கொண்டார்கள். "மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கள் மூஞ்சியை நேற்று கேன்டீனில் கண்டேன், அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை, இப்படிக்கு" என்று எழுதிக் கீழே பெயர், அப்பா பெயர், ஊர், டிபார்ட்மென்ட். முன்பு என்றால் பெயரை மாற்றிக்கொண்டு சண்டையை விட்டுவிட்டுப் போகலாம். இப்போது அப்பா பெயரோடு எழுதியதை எப்படித் திரும்பப் பெறுவது? மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருவனும் பின்வாங்கவில்லை.

அவர்களை எல்லாம் மிஞ்சியவர் ஓனர். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அவரும் எழுதத் தொடங்கினார். வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைத்து, முழுப் பெயர், பி.காம்., உரிமையாளர் என்று கீழே போட்டுக்கொள்வார். மேலே இருக்கும் விஷயத்தை வாயால் படிக்க முடியாது. எழுத்துப் பிழை விட்டவனை எருமை என்றார். ராமநாதபுரத்துப் பையன் ஒருவனை, உங்கள் ஊரில் தண்ணீர் இல்லாததால் மூளை காய்ந்துவிட்டது என்றார். நேரில் அதே பையன் வந்தால் "வாங்க தம்பி, மூணாம் நம்பர் காலியா கீது" என்பார். அவன் குழம்பிப்போய் உட்காருவான்.

கடைசியில் பல்லிக்கு ஒரு சவால் விட்டார். ஒளிந்துகொண்டு எலி பற்றி எழுதிய கோழையே, மாட்டுக் கொட்டகையில் பிறந்தவனே, உன்னைப் பெற்றவர்கள் உனக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்களா, ஆம்பிளையாக இருந்தால் கடைக்கு வந்து பெயரைச் சொல் என்று எழுதி, வழக்கம்போல் பி.காம். போட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தோழியும் கேபினில் இருந்தோம். எங்கள் ஹாஸ்டல் வார்டன் உள்ளே வந்தார். அவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நாங்கள் ஆன்ட்டி என்போம். சர்ச் முடிந்ததும் துபாயில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்ப அங்கே வருவது எங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நர்சரி ஸ்கூலில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஓனர் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆன்ட்டிக்கு மெயில் அனுப்பச் சொல்லிக்கொடுத்ததும் ஓனர்தான்.

"வாங்க டீச்சரம்மா, பொண்ணுக்கு மெயிலா?" என்றார் ஓனர்.

ஆன்ட்டி கைப்பையில் இருந்து ரேஷன் கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "பலகையில எழுதணும். பேரோட."

"உங்களுக்கு எதுக்கு டீச்சரம்மா அந்தக் கருமம்? பொறுக்கிப் பசங்க எழுதற எடம்."

"நீங்ககூடத்தான் எழுதறீங்க" என்றார் ஆன்ட்டி. பிறகு, "வரச் சொன்னீங்களே, வந்துகிறேன். நான்தான் பள்ளி" என்றார்.

ஓனருக்குப் புரியவில்லை. எந்த ஸ்கூல் என்று கேட்டார். ஸ்கூல் இல்லை, பலகையில் எழுதிய பள்ளி நான்தான் என்று ஆன்ட்டி சொன்னார். "பல்லி இல்லியா?" என்றார் ஓனர். ஆன்ட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் பள்ளி என்று பெயர் வைத்தேன், எவனாவது பல்லி என்று பெயர் வைத்துக்கொள்வானா என்று கேட்டார். கேபினுக்குள் தோழி என் தொடையைக் கிள்ளினாள். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஆன்ட்டி விடவில்லை. ஓனர் எழுதியதை அவர் கம்ப்யூட்டரிலேயே திறக்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தார். மாட்டுக் கொட்டகை வந்தபோது கடையில் எல்லாக் கேபினிலும் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது. ஓனருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நான் பேரு போட்டுத்தானே டீச்சரம்மா எழுதினேன். ஒளிஞ்சிகினா எழுதினேன்?" என்றார். அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பேரு போட்டா நாத்தம் பூடுமா?" என்றார் ஆன்ட்டி.

ஓனர் எழுந்துபோய் ஆன்ட்டி பக்கம் ஃபேனைத் திருப்பி வைத்தார். ஆன்ட்டி கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு, தன்னோடு சண்டை போட்ட ஒருவன் இருந்தானே, பெயர் போடச் சொன்னதும் ஓடிவிட்டானே, அவன் யாரென்று தெரியுமா என்று கேட்டார். ஓனருக்குத் தெரியாது. என் தோழிக்குத் தெரியும். கேபின் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "இவதான் ஆன்ட்டி அது" என்று என்னைக் காட்டிவிட்டாள்.

நான் எழுந்து நின்றேன். ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா அறுவைக்காரன்?"

"அருவாக்காரன் ஆன்ட்டி" என்றேன். கையால் வெட்டியும் காட்டினேன்.

"அருவாளா? நான் அறுவைன்னுல்ல படிச்சேன். போர் அடிக்கிறவன்னு தன்னைத்தானே சொல்லிக்கிறானே, பாவம்னு நெனச்சேன்." பிறகு, "அது இருக்கட்டும். எப்பப் பாத்தாலும் இன்னாத்துக்கு வாலைப் பத்தியே எழுதின? கிளாஸ்ல வால் பண்ற பசங்களைச் சொல்றேன்னு நெனச்சிகினு நானும் பதில் எழுதறேன்" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. மூன்றாம் நம்பர் கேபினில் இருந்த ராமநாதபுரத்துப் பையன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டான். ஓனர்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆன்ட்டி தன் பெயரில் அன்றே எழுதினார்: சாம்பார் பற்றி எழுதியது நான்தான், அது உண்மைதான். அந்தச் செய்தி ஹாஸ்டலுக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சமையல்காரம்மா சண்டைக்கு வருவார் என்று பயந்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. கொஞ்ச நாளைக்கு, சாம்பார் கொதித்ததும் முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆன்ட்டி அறை வாசலில் நின்றார். "போலீஸ் நாய் வோணுமா, வோணாமா, பாத்து சொல்லு" என்பார். ஆன்ட்டி குடித்து முடிக்கும்வரை நகர மாட்டார். அந்த நாட்களில் சாம்பாரை ஊற்ற முடியாது, கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

என் பாட்டைப் பற்றி எழுதியதை ஆன்ட்டி வாபஸ் வாங்கவில்லை. பூனை என்றது அதிகம்தான், ஆனால் மற்றபடி சரி என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். எழுத்தில் படித்ததைவிட நேரில் கேட்டபோது குறைவாகத்தான் வலித்தது.

ஓனர் தான் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, வாசல் பேப்பரையும் கிழித்துப் போட்டார். பழையபடி யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம். ஹாஸ்டல் பெண்கள் புயல், கரடி, கட்டபொம்மு என்று திரும்பி வந்தோம். கொஞ்ச நாளில் வெண்புறா என்று புதிதாக ஒருவர் எழுதத் தொடங்கினார். மழை வரும் போலிருக்கிறது, இரண்டாம் ஷிப்ட் போகும் சகோதரிகள் குடை எடுத்துச் செல்லவும் என்பார். யாருக்காவது வேலை போனால் ஆறுதல் சொல்வார். வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைக்கும் ஆள் எங்கள் பலகையில் ஒருவர்தான் உண்டு. அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வெளியே சொல்லவில்லை. பையன்கள் முடி கொட்டுவதில் இருந்து காதல் வரைக்கும் வெண்புறாவிடம் யோசனை கேட்டார்கள். அவரும் பொறுமையாகப் பதில் எழுதினார்.

ஒருமுறை ராமநாதபுரத்துப் பையன், இந்தக் கடை ஓனர் ஏன் இப்படிச் சிடுமூஞ்சியாக இருக்கிறார் என்று வெண்புறாவிடம் கேட்டான். அவருக்கும் வீட்டில் என்ன கஷ்டமோ, மன்னித்துவிடுங்கள் தம்பி என்று வெண்புறா எழுதினார். அன்று சாயங்காலம் அவன் டைம் முடிந்த பிறகும் ஓனர் அவனை எழுப்பவில்லை.