கிழியாத சீலைகள்

யதுர்ஷாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் அவர்கள் குடும்பம், மூன்றாம் மாடியில் நான். லிஃப்ட் பழுதானால் பெரியவர்கள் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டு படியேறுவோம். அவள் பத்து வயதிலேயே நிர்வாகத்துக்குப் போன் போட்டு நோர்வீஜிய மொழியில் சண்டை பிடிப்பாள். தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா பேருந்து ஓட்டுகிறார். தாய் புஷ்பமலருக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. "உம்மடை மகள் மந்திரியாய்த்தான் வருவாள்" என்று புஷ்பமலரைச் சீண்டுவேன். "முதல்லை தன்ரை அறையைக் கூட்டட்டும்" என்பாள் அவள்.

மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் அவளுடைய வகுப்பில் இரீனா என்றொரு பிள்ளை இருந்தாள். உக்ரேனில் போர் தொடங்கியதும் தாயோடு ஒஸ்லோவுக்கு ஓடி வந்தவள். அண்ணன் தாராஸ் அங்கேயே போர்முனையில் நின்றான். பள்ளிக்கூடத்து நிலவறையில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, புதன்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்து, மறைப்பு வலை பின்னத் தொடங்கியவள் இரீனாதான். பழைய மீன்வலையைச் சட்டத்தில் கட்டி, துணியைக் கீலங்களாகக் கிழித்துக் கண்ணுக்குக் கண் முடிய வேண்டும். அதைப் போர்த்தினால் வாகனம் ஆகாயத்திலிருந்து பற்றைக்காடு மாதிரித் தெரியும். இந்த நாட்டில் இப்படிக் கூடிச் செய்கிற சம்பளமில்லாத வேலைக்கு டுக்னாட் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு டுக்னாட் என்றால் வசந்தத்தில் முற்றம் கூட்டிவிட்டுச் சொசேஜ் தின்பது. இது வேறு.

குளிர்காலத்தில் வேலை சுகமாக ஓடியது. பனிக்கு வெள்ளை வலை போதும், படுக்கை விரிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பனி கரையத் தொடங்கியதும் பச்சையும் மண்ணிறமும் வேண்டும் என்று தாராஸ் சொல்லி அனுப்பினான். அத்தனை பச்சைத் துணிக்கு எங்கே போவது? நோர்வேக்காரர் கறுப்பும் சாம்பலும் உடுத்துகிற சனம். யதுர்ஷா கையை உயர்த்தினாள். "எங்கள் வீடுகளில் அலுமாரி அலுமாரியாகச் சீலை இருக்கிறது. நான் கொண்டுவருகிறேன்."

அன்றிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள்: "எங்கடை சண்டைக்கு ஆர் பிள்ளை வலை பின்னினவை?" கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அவள் அடுத்த கதவைத் தட்டினாள்.

லோறென்ஸ்கூக்கில் இருக்கிற மரியரஞ்சனி அப்படிக் கேட்கவில்லை. அவளுடைய தம்பி ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். யதுர்ஷா கேட்டதோ பழைய துணி, கிழிந்தாலும் பரவாயில்லை என்றுதான். மரியரஞ்சனி அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தாள்.

"சண்டைக்கு நிக்கிற பிள்ளைக்குக் கிழிஞ்ச சீலையைக் குடுக்கிறதோ? எங்களுக்கு அந்தப் பழக்கமில்லை. இந்தா, ரெண்டு தரம்தான் உடுத்தது."

மற்றப் பெண்களும் அப்படித்தான். கொடுப்பதென்று ஆகிவிட்டால் நல்லதைத்தான் கொடுப்போம். எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய மானம். பாசிப் பச்சை, இலைப் பச்சை, காவி என்று பைபையாக வந்தன. சரிகை மினுங்கும் என்று யதுர்ஷாவுக்குத் தெரியும். கரையையும் தலைப்பையும் அவளே வெட்டி எறிந்தாள். உடம்புத் துணியில் நூலோடு நூலாக ஓடிய மெல்லிய வெள்ளி இழையை, சன்னல் இல்லாத அந்த நிலவறை வெளிச்சத்தில் யாரும் காணவில்லை. முதல் பச்சை வலை உக்ரேனுக்குப் போகிற வான் வண்டியில் ஏறிப் போனது. அந்த வலைக்குக் கீழே வாகனத்தை நிறுத்தியிருக்கிறேன் என்று தாராஸ் ஒரு வரி அனுப்பினான். அன்றைக்கு அவள் படியேறி வந்த விதத்தைப் பார்க்க வேண்டும், கால் நிலத்தில் படவில்லை.

இரண்டாவது வலையை மே மாதத்தில் படம் எடுப்பதற்காக விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோய்க் கம்பங்களில் கட்டினார்கள். நல்ல வெயில். காற்றடித்ததும் வலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. திடலின் மறுகரையில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரிந்தது. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு இரீனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

முதல் வலையும் அதே சீலைகளால் பின்னியது. அது இந்த நேரம் தாராஸின் வாகனத்துக்கு மேலே, இதே வெயிலில் கிடக்கிறது.

இரீனா போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பகலில் அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது, இரவில் சொல்வோமா என்றாள். யதுர்ஷாவால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு நிமிடமும் அவன் தலைக்கு மேல் மினுங்குகிறதே, இப்போதே எழுது, உடனே கழற்றச் சொல் என்று அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். இரீனா எழுதினாள். செய்தி போய்ச் சேர்ந்தது, அவன் பார்த்தும் விட்டான் என்று போன் காட்டியது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

பதில் வரவில்லை. அடுத்த நாள் மாலை தாராஸோடு நின்ற ஒருவன் இரீனாவின் தாய்க்குப் போன் எடுத்தான். செய்தி போன அன்று காலையிலிருந்து ட்ரோன்கள் சுற்றிக்கொண்டிருந்ததால் எல்லாரும் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். தாராஸ் போனைப் பார்த்தான். வலையைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்று எழும்பி வெளியே போனான். கழற்றி முடிக்கவில்லை.

இதை எனக்குச் சொன்னவள் புஷ்பமலர். "அவள் சாப்பிடுறாளில்லை அக்கா. வலை கிடந்தபடி கிடந்திருந்தால் பெடியன் இருந்திருப்பானோ எண்டு என்னைக் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?" இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் எவரும் இல்லை.

இரீனா யதுர்ஷாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். வகுப்பில் வேறு கதிரைக்கு மாறிவிட்டாள், அவ்வளவுதான். வலை வேலையை விட்டும் போய்விட்டாள். யதுர்ஷா விடவில்லை. இப்போது புதன்கிழமைகளில் ஒவ்வொரு கீலத்தையும் வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகே முடிகிறாள். வெயில் இல்லாத நாளில் பின்னுவதில்லை.

சனிக்கிழமைகளில் அவளுக்கு ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. போன மாதம் நான் சாமான் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் மரியரஞ்சனி. நடந்தது அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வெளியே அதை யாருக்கும் சொல்லவில்லை.

"பிள்ளை, எங்கடை சீலையள் போய்ச் சேர்ந்ததோ?"

"ஓம் அன்ரி. போய்ச் சேர்ந்தது."

"அந்தப் பெடியன் சுகமோ?"

யதுர்ஷா பால் பெட்டியை எடுத்து விலை பதிந்தாள். பாணை எடுத்துப் பதிந்தாள்.

"இன்னும் நாலு சீலை எடுத்து வைச்சிருக்கிறன். காஞ்சிபுரம். உங்களுக்கெண்டுதான்."

"வேண்டாம் அன்ரி. பழைய பருத்திச் சீலை இருந்தால் தாங்கோ. கிழிஞ்சதாய்ப் பாத்துத் தாங்கோ."

"என்ன? கிழிஞ்சதோ?" மரியரஞ்சனியின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதைக் குடுக்கிறன் எண்டால் கிழிஞ்சதைக் கேக்கிறாய்? எங்களை என்னெண்டு நினைச்சனீ?" என்று பையைத் தூக்கிக்கொண்டு விறுக்கென்று போனாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் மகளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று இப்போது கோயில், தேவாலயம் எல்லா இடமும் கதை. மரியரஞ்சனியிடம் நான் நடந்ததைச் சொல்லிவிடட்டுமா என்று யதுர்ஷாவைக் கேட்டேன்.

"வேண்டாம் அன்ரி. அவ தம்பிக்குக் குடுத்தமாதிரி நினைச்சுத் தந்தவ. என்னையே ஏசட்டும்."