தொண்டைமானாற்றில் ஒரு மலைநாட்டுத் தூண்டில்

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. தொண்டைமானாறு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம், அதுவும் கடல்நீரேரி. அதன் முகத்துவாரத்தில் கதவுகள் போட்ட ஓர் அணை. மாரி மழைக்குக் கதவுகளைத் திறந்துவிட்டால் அணைக்குக் கீழே சில கிழமைகளுக்குத் தண்ணீர் உண்மையாகவே ஓடும். அந்தச் சில கிழமைகளை நம்பி ஆற்றுத் தூண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு உடுப்பிட்டியில் குடியிருந்த ஒரே விசரன் நான்தான்.

தூண்டில் மலைநாட்டில் கிடைத்தது. அங்கே தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்துக்கு மேலே ஓர் அணை, அதற்குக் கீழே கல்லுக் கல்லாய் ஓடும் ஆறு, அதில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன். ஊரை விட்டுப் போன தோட்டத்துத் துரை தன் தூண்டில் தடியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். புழுக் குத்துகிற வேலையில்லை. சேவல் இறகைத் தூண்டில் ஊசியில் ஈயைப் போலக் கட்டி, நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். ஒரு சாணுக்குக் குறைந்த மீன் என்றால் கையை நனைத்துப் பிடித்து, ஊசியைக் கழற்றி, திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும். அது அந்த ஆற்றுச் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி கல்லில் குந்தியிருந்து தன் கையை விரித்துச் சாண் பார்ப்பாள். பெரும்பாலும் விடச் சொல்லித்தான் தீர்ப்பு வரும்.

எண்பத்து மூன்றில் கலவரம் வந்தது. வாசலில் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. "பெட்டியைத் தூக்குங்கோ" என்றாள் மனைவி. நான் தூக்கியது தடியை. விட்டுவந்த பெட்டிக்குள் அவளுடைய கூறைச் சேலை இருந்தது. பிறகு ஊரில் யாராவது "மலைநாட்டிலையிருந்து என்ன கொண்டந்தனீங்கள்?" என்று கேட்டால், "இவரையும் இவரின்ரை தடியையும். ரெண்டையும் விக்கேலாது" என்பாள்.

சில வருடங்கள் கழித்து, சண்டையால் கடலுக்குப் போகத் தடை விழுந்து மீன் அருமையாகிப்போன காலத்தில், அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆள் உப்பிடி எலும்பும் தோலுமா இருந்தாக் கத்தி வைக்கேலாது. சாப்பிடப் பண்ணுங்கோ. கொஞ்சம் தேறினாத்தான் ஒப்பரேசன்."

கஞ்சி, இடியப்பம், முட்டைக்கோப்பி எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பினாள். நான் கோமாளிக் கூத்தெல்லாம் ஆடிப் பார்த்தேன். "நீங்கள் ஆடினாச் சிரிப்பு வரும், பசி வராது" என்றாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அந்த ஆத்து மீன் மாதிரி ஒண்டை, மிளகும் உப்பும் மட்டும் போட்டுப் பொரிச்சாத் தின்னலாம் போல கிடக்கு."

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அணைக் கதவுகள் திறந்திருந்தன. சைக்கிள் பாரில் தடியைக் கட்டிக்கொண்டு பறந்தேன்.

அணைக்குக் கீழே வீச்சு வலைக்காரர் ஏழெட்டுப் பேர். நான் நூலைச் சுழற்றத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்னண்ணை, ஈ கலைக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி, மீனுக்கு விசிறி வீசிறன்" என்றேன்.

"வீசுங்கோ, வீசுங்கோ. தண்ணிக்குள்ளை சரியான புழுக்கமாம்."

தூரத்தில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற வலைக்காரத் தம்பி கத்தினான்: "அண்ணை, தடியைக் கீழை போடுங்கோ! மேலையிருந்து பாத்தா இயக்கத்தின்ரை ஏரியல் எண்டு நினைச்சு அடிப்பான். மீன் பிடிக்க வந்து எங்களையும் பொரிச்சுப்போடாதையுங்கோ!"

எல்லாரும் சேற்றில் குப்புறக் கிடந்தோம். சத்தம் வேறு பக்கம் போனது. எழும்பித் திரும்ப வீசினேன்.

பின்னேரம் நூல் இழுத்தது. வெள்ளிபோல ஒரு கொடுவாக் குஞ்சு. கரைக்கு இழுத்தேன். கையை நனைத்தேன். ஊசியைக் கழற்றினேன். மூச்சு வாங்கட்டும் என்று ஓட்டத்துக்கு எதிராகத் தண்ணீரில் பிடித்தேன். அது வாலை ஒருதரம் அடித்தது. விட்டுவிட்டேன்.

வலைக்காரத் தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அண்ணை! என்ன செய்து போட்டியள்?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கை தன் பாட்டில் செய்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்கி இரண்டு கையாலும் துழாவினேன். ஓடுகிற தண்ணீரில் விட்ட மீனைத் துழாவிப் பிடிக்கப் பார்த்த மனிதனை அவர்கள் அன்றுதான் கண்டிருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாருக்கு மீன் என்று தம்பி கேட்டான். சொன்னேன். தன் பறியிலிருந்து இரண்டு திரளி மீனை எடுத்து என் பையில் போட்டான். "உதுகளையும் ஆத்திலை விட்டிடாமல் நேரை வீட்டை போங்கோ" என்றான்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு வரும்?"

"ஒரு சாண் வராது."

"அளவு காணாதெண்டா விடத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு, கண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்குத் திரளியில் ஒன்றைச் சோற்றோடு சாப்பிட்டாள். நான் முள்ளெடுத்துக் கொடுத்தேன். மற்றதில் பாதியையும் வாங்கினாள். நான் அடுப்படிக்குப் போய்க் கலண்டரில் ஒப்பரேசனுக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த நாள் அவள் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. நான் தினமும் அணைக்குப் போனேன். சில நாள் ஏதாவது அகப்பட்டது. அரைச் சாணென்றாலும் விடாமல் கொண்டுவந்து பொரித்தேன். மணத்தை மட்டும் பிடித்துவிட்டு, "வைச்சிருங்கோ, பிறகு தின்னுறன்" என்பாள். டொக்டர் கண்மடலை இழுத்துப் பார்த்து, "இன்னும் காணாது" என்றார். அணைக் கதவுகளை இறக்குவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்துவிட்டு வீட்டார் சாப்பிட வேண்டும். மனைவியின் தங்கை வந்து, "அத்தான், அக்காவுக்கு என்ன வைப்பம்?" என்று கேட்டாள். மீன் என்றேன். மிளகும் உப்பும் மட்டும் என்றேன்.

செய்தி எப்படிப் போனதோ, வலைக்காரத் தம்பி கை நீளத்துக்கு ஒரு கொடுவாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பொரித்து, அவள் கிடந்த அறையில் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, மிச்ச மீனை எங்களுக்குப் பரிமாறினார்கள். எட்டு நாளாகத் தேத்தண்ணியில் கிடந்த வயிறு. முதல் துண்டு வைத்ததும் பசித்தது. வெட்கமில்லாமல் பசித்தது. இரண்டாவது கேட்டு வாங்கினேன். மூன்றாவதைத் தங்கை கேட்காமலே வைத்தாள், அழுதுகொண்டு. டொக்டர் அவளைச் சாப்பிடச் சொன்னதையெல்லாம் நான் இருந்து சாப்பிட்டு முடித்தேன்.