மூன்றில் அடங்காத பதினாறு

எண்பதுகளின் பிற்பகுதியில் சென்னையில் ஒரே பேராசிரியரிடம் இயற்பியல் ஆராய்ச்சி மாணவிகளாக நாங்கள் இருவர் இருந்தோம். நான் வில்லியனூர் மளிகைக்கடைக்காரர் மகள். அவள் வீராம்பட்டினத்தில் படகு வைத்திருந்தவர் மகள். விடுதியில் ஒரே அறை, ஊருக்குப் போக ஒரே பஸ். பார்க்கிறவர்கள் எங்களை உயிர்த்தோழிகள் என்பார்கள். எனக்கோ அவள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

வெளிநாட்டுக் கோடைப் பள்ளிக்கு எங்களில் ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். யாருடைய முடிவு நிற்கிறதோ, அவள் போவாள்.

இருவருக்கும் அவர் கொடுத்திருந்த கேள்வி இதுதான். சில படிகங்களில் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக அமைந்திருக்கும். ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தத்துக்கு எதிராக நிற்கத்தான் அதற்குப் பிடிக்கும். இரண்டு எதிரெதிராக நின்றுவிட்டால் மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும்? மூன்றும் சமரசமாகி ஆளுக்கொரு திசையை எடுத்துக்கொண்டு, அதே மூன்று திசைகள் படிகம் முழுக்க மாறிமாறி வந்தால் அது காந்த ஒழுங்கு. குளிரின் கடைசி எல்லையிலும் எதிலும் நிலைக்காமல் அலைந்துகொண்டே இருந்தால் தற்சுழற்சித் திரவம். இரண்டில் எது?

எங்கள் கணினி கொஞ்சம் அணுக்களைத்தான் தாங்கும். அதனால் ஒரு சிறு துண்டை எடுத்து, அதன் ஓரங்களை இணைத்து வளையம்போல் மூடிக் கணக்குப் போடுவோம். அவள் பன்னிரண்டு அணுக்களோடு நின்றுவிட்டாள், ஒழுங்கு என்றாள். நான் விடாப்பிடியாகப் பதினாறுக்குப் போனேன். ஒழுங்கின் சுவடே இல்லை. திரவம்! பெரிய துண்டு என்னுடையது, பயணமும் என்னுடையதுதான் என்று மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன்.

அந்த ஆடி வெள்ளிக்கு, தேர் பார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூஜைக் கலசத்தின் கழுத்தில் சுற்ற மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து என்று மாற்றி மாற்றிப் பூக்கட்டச் சொன்னார்கள். பேச்சு மும்முரத்தில் கட்டி முடித்து, வளையமாக முடிச்சுப் போட்டேன். சேருமிடத்தில் மல்லியும் மல்லியும் ஒட்டி நின்றன.

"இன்னாடி இது, மூணு மூணா எண்ணிக் கட்டக் கூடாதா?" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏய், உன் பதினாறும் இப்படித்தானடி? மூணுல அடங்காதே. ஒழுங்கு வரணும்னாலும் அதுக்கு வழி இல்லியே."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஒழுங்கு நுழையவே முடியாத துண்டில் ஒழுங்கைக் காணோம் என்று மார்தட்டியிருக்கிறேன். பூவைப் பிய்த்து அவள் முகத்தில் எறியலாம் போலிருந்தது. கட்டியது நான், பார்த்தது அவள்!

அவள்தான் போனாள். என் அம்மாவே அவளுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். அதற்கும் எரிந்தேன்.

திரும்பி வந்த வாரம் எங்கள் வீட்டுக்கு என்னோடு கிளம்பி வந்தாள். பஸ் மூலக்குளத்தைத் தாண்டும்போது என் கையைப் பிடித்தாள்.

"நீ சொன்ன திரவம் இருக்குடி. அங்க பெரிய கம்ப்யூட்டர்ல, பக்கத்து அணுவோட மட்டும் இல்லாம அதுக்கு அடுத்ததோடயும் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாத்தேன். ஒரு எடத்துல ஒழுங்கு கலைஞ்சிடுது, சூடே ஏத்தாம. அதுக்கு அப்பால நீ சொன்னதுதான். கட்டுரைல உன் பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

என் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்று நினைத்து அவள் தோளில் தட்டிக்கொடுத்தாள். நான் தவறியதை அவள் கண்டுபிடித்தாள், போகட்டும். நான் சொன்னது சரி என்பதையும் அவளேதான் கண்டுபிடிக்க வேண்டுமா?