சகலையின் பந்தலும் என் பாலிசியும்

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். எனக்குக் கடலூரில் பந்தல் வேலை, அவருக்குச் சிதம்பரத்தில் அதே பந்தல் வேலை. தொழிலுக்கு முதலில் வந்தவன் நான். ஆனால் மேல்பட்டாம்பாக்கத்து மாமனார் வீட்டில் காலை வைத்தால், "சின்ன மாப்ள இப்ப இன்னா புதுசா எறக்கியிருக்காரு தெரியுமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். எனக்குப் பெரிய மாப்பிள்ளை மரியாதை இலை போடும்போது மட்டும்தான்.

ஒரு தீபாவளிக்கு அவர் இறக்கியிருந்த புதுசு, ஒரு பாலிசி. நம் பந்தலால் வெளியாள் யாருக்காவது அடிபட்டு, அதற்கு நாம்தான் பொறுப்பு என்று சட்டப்படி ஆனால், நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்துவிடும். பப்ளிக் லயபிலிட்டி என்று பெயர். மாமனார் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் நாக்கு தடுக்கினார், ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பந்தல் உழும்னு இப்பவே முடிவு பண்ணிட்டாரா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, என் மனைவி உட்பட.

விழத்தான் செய்தது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் சகலை நட்ட அலங்கார வளைவு சாய்ந்து, ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்குக் கால் முறிந்தது. சகலை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் "என் தப்பு" என்றோ "செலவ நான் பாத்துக்கறேன்" என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கம்பெனிக்குத் தகவல் சொல்லிட்டேன், அவுங்க வந்து பாப்பாங்க" என்பதோடு சரி. கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வளைவைச் சரியாக நிறுத்தாததால் பொறுப்பு சகலையுடையதுதான் என்று விசாரணையில் முடிவாகி, ஆட்டோக்காரருக்கு வைத்தியச் செலவோடு வண்டி ஓட்டாத நாட்களின் வருமானத்தையும் கம்பெனி கொடுத்தது. மாமனார் இதைத் தெருவெல்லாம் சொன்னார். அடுத்த வாரமே சகலைக்குப் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்டைத் தேடிப் போய் அதே பாலிசியை, சகலையுடையதைவிடப் பெரிய தொகைக்கு எடுத்தேன். நிபந்தனைகளைப் படித்துக் காட்டுகிறேன் என்றார் ஏஜெண்ட். "என் சகலைக்குப் புரிஞ்சது எனக்குப் புரியாதா?" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு என் முறை. கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில், பையன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து, வாசலில் என் பந்தல். கடல் காற்று கிளம்பியதும் ஓரத்துக் கால் ஒன்று சரிந்து, பரிமாறிக்கொண்டிருந்த, அந்த வீட்டு உறவுக்கார அக்கா ஒருவரின் மேல் விழுந்தது. அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவர் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ சகலையின் ஞாபகம்தான் வந்தது. அவர் சொல்லாததை நான் சொல்ல வேண்டும், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். "தப்பு என்னுது. கை சரியாவுற வரைக்கும் எல்லாச் செலவும் என்னுது. இன்சூரன்ஸ் பின்னாடி ஒளியிற ஆளு நான் இல்ல" என்றேன். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பித்தான் பேசினேன்.

வீடியோ மேல்பட்டாம்பாக்கம் வரை போனது. மாமனார் போன் செய்து, "மனுசன்னா நீங்கதான் மாப்ள" என்றார். அதைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

கம்பெனிக்கும் போனது. விசாரிக்க வந்தவர் நிதானமான ஆள். சமையல்காரரின் ஆட்கள் தண்ணீர் டிரம்மை உள்ளே கொண்டுவரப் பந்தல் கயிற்றை அவிழ்த்துவிட்டு, திரும்பக் கட்டாமல் போயிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். "பொறுப்பு யாருதுன்னு நாங்க பாக்கறதுக்குள்ள நீங்களே ஒத்துக்கிட்டீங்களே சார்" என்றார். "எங்களக் கேக்காம தப்ப ஒத்துக்கக் கூடாது, பணம் தர்றேன்னு வாக்குக் குடுக்கக் கூடாதுன்னு பாலிசியிலயே போட்டிருக்கே." கம்பெனி கையை விரித்துவிட்டது.

விஷயம் தெரிந்து சகலை வீடு தேடி வந்தார். "ஆஸ்பத்திரியில சேக்கறது, போய்ப் பாக்கறது எதுவும் தப்பில்லண்ணே. வாக்கு மட்டும்தான் குடுக்கக் கூடாது. ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவருக்கா நான் போன் போடுவேன்?

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அதில் குறை வைக்கவில்லை. ஆசையாக வாங்கிய ஜெனரேட்டரை விற்றேன். தையற்கார அக்கா கை தேறி மெஷினில் உட்கார்ந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைத் தங்கமான மனுஷன் என்று சொன்னார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி, பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். பந்தல் எத்தனை அடி வேண்டும் என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

"பந்தல சிதம்பரத்துல ஒங்க சகலைகிட்ட குடுத்துட்டேன் தம்பி. அவருகிட்ட இன்சூரன்ஸ் இருக்காமே. ஒங்களுக்கு இன்னொரு வாட்டி செலவு வெக்க எனக்கு மனசு வரல."

என்னிடமும் இருக்கிறது, அவருடையதைவிடப் பெரிய தொகைக்கு. ஆனால் அந்த வீடியோவில் அப்படிப் பேசிவிட்டு, இப்போது எந்த வாயால் அதைச் சொல்வது? காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் போனேன். சகலையோடு வந்திருந்த மாமனார், அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவப் போகிற சாக்கில் ஓரத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.